கடற்கரைக்கும் செமஸ்டர் உண்டு!



கடைசிப் பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம் எல்லா வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரே கேள்விதான் ஓடும்: "டேய், எங்கடா போறோம்?" ஒருத்தன் கோவா என்பான். இன்னொருத்தி மூணாறு என்பாள். அப்புறம் யாராவது ஒரு படம் அனுப்புவார்கள். சாய்ந்து நிற்கும் தென்னை, கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீர், கால் வைக்கவே கூச்சமாக இருக்கும் வெள்ளை மணல். கீழே "ஸ்ரீலங்கா மச்சி, பக்கம்தான்" என்று ஒரு வரி. அவ்வளவுதான், முடிவு எடுத்தாச்சு.

எங்கள் கதையும் அப்படித்தான் ஆரம்பித்தது. மூன்றாம் ஆண்டு முடிந்த ஜூன் மாதம், ஏழு பேர், ஆறு மாதமாகச் சேர்த்த பணம். படத்தில் இருந்த இடம் இலங்கையின் தென்கரையில் இருக்கும் மிரிஸ்ஸ. போய் இறங்கினோம். தென்னை அப்படியே இருந்தது. மணல்தான் பாதி இல்லை! தண்ணீர் பழுப்பாகப் புரண்டுகொண்டிருந்தது. சிவப்புக் கொடி படபடவென அடித்தது. "முழங்கால் அளவுக்குத்தானே" என்று இறங்கிய நண்பனை அலை புரட்டிப் போட்டு, பத்தடி இழுத்துவிட்டுத்தான் விட்டது. எங்களிலேயே நல்லா நீந்தத் தெரிந்தவன் அவன்.

நனைந்த கோழி மாதிரி ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். நாங்கள் பேசுவதைக் கேட்ட கடைக்காரப் பெரியவர் தமிழிலேயே கேட்டார்: "தம்பிமார் இந்த மாசத்துல என்னத்துக்கு இங்க வந்தீங்க? இப்ப இங்கால கடல் சரியில்ல. திருகோணமலைப் பக்கம் போயிருந்தா நல்லம்."

நாலு வருஷம் இன்ஜினியரிங் படிக்கிறோம் என்று பெயர். ஒரு கடற்கரையைத் தேர்ந்தெடுக்கும்போது ஏழு பேரில் ஒருத்தருக்குக் கூட "எந்த மாசம்?" என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பெரியவர் ஒரே வாக்கியத்தில் சொன்னதைத்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் விரித்துச் சொல்லப் போகிறேன். கடற்கரை என்பது வெறும் இடம் இல்லை. இடமும் மாதமும் சேர்ந்ததுதான் கடற்கரை. அதே மணல், அதே தென்னை, ஜனவரியில் சொர்க்கம், ஜூனில் ஆபத்து.

ஒரே தீவு, இரண்டு காற்று

இலங்கை சின்னத் தீவுதான். சுமார் 65,600 சதுர கிலோமீட்டர், நம் தமிழ்நாட்டில் பாதியை விடக் கொஞ்சம் அதிகம். ஆனால் அதன் மீது வருஷத்துக்கு இரண்டு பருவக்காற்றுகள் எதிரெதிர்த் திசைகளில் இருந்து வீசுகின்றன.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இது இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தடையே இல்லாமல் வருகிறது. காற்று எவ்வளவு தூரம் தண்ணீர் மேல் தடையில்லாமல் ஓடுகிறதோ, அவ்வளவுக்கு அலை வளரும். அந்த அலை முழுவதும் வந்து மோதுவது நீர்கொழும்பு, பெந்தோட்டை, ஹிக்கடுவை, காலி, மிரிஸ்ஸ என்று நீளும் மேற்கு, தென்மேற்குக் கரைகளில். அந்த ஈரக்காற்று நடுவில் இருக்கும் மலைநாட்டில் முட்டி மேலேறிக் குளிர்ந்து மழையையும் தென்மேற்குப் பக்கமே கொட்டிவிடுகிறது. அங்கே உயர்ந்த சிகரமான பீதுறுதாலகாலை 2,524 மீட்டர். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை கேரளாவுக்கு மழையைக் கொடுத்துவிட்டு நமக்கு வெறும் காற்றை அனுப்புகிறதே, அதே கதைதான். மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது காற்று காய்ந்துபோயிருக்கும். அதனால் ஜூன், ஜூலையில் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் வெயில் காயும். காற்றும் நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசுவதால் கரையோரம் கடல் தட்டையாகக் கிடக்கும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எல்லாம் தலைகீழ். வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலிலிருந்து வந்து கிழக்குக் கரையிலும் வடக்குக் கரையிலும் மோதும். இப்போது மலையின் மறைவில் இருப்பது தென்மேற்குக் கரை. படத்தில் பார்க்கும் அந்தக் கண்ணாடித் தண்ணீர் இந்த மாதங்களில் எடுத்தது.

இடையில் இருக்கும் மாதங்கள்? மார்ச், ஏப்ரலில் இரண்டு பக்கமும் ஓரளவு அமைதி. மதியத்துக்கு மேல் இடிமழை வரலாம். அக்டோபர், நவம்பர் வேறு ரகம். வங்கக் கடலில் தாழ்வு மண்டலங்களும் புயல்களும் உருவாகும் காலம் அது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த புயல் அப்படி வந்ததுதான். கடற்கரைப் பயணத்துக்கு இந்த இரண்டு மாதங்களையும் விட்டுவிடுவது நல்லது.

இதெல்லாம் செயற்கைக்கோள் வந்த பிறகு கண்டுபிடித்த விஷயம் இல்லை. மேற்கிலிருந்து வரும் காற்றுக்குக் கச்சான், தெற்கிலிருந்து வருவதற்குச் சோளகம், வடக்கிலிருந்து வருவதற்கு வாடை என்று ஈழத்து மீனவர்கள் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். மேற்குக் கரை மீனவர்களில் ஒரு பகுதியினர் தென்மேற்குப் பருவத்தில் படகையும் வலையையும் எடுத்துக்கொண்டு கிழக்குக் கரைக்கு இடம் மாறுவது பல தலைமுறை வழக்கம். பிழைப்பே கடலாக இருக்கிறவர்கள் மாதம் பார்த்துக் கரையை மாற்றுகிறார்கள். நாலு நாள் ஜாலியாகப் போகிற நாம் மட்டும் படம் பார்த்து முடிவு செய்கிறோம்.

பாதி மணல் எங்கே போச்சு?

மிரிஸ்ஸயில் நாங்கள் காணாமல் தேடிய மணல் எங்கும் தொலைந்துவிடவில்லை. தண்ணீருக்கடியில் இருந்தது.

அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். 1 மீட்டர் அலை 2 மீட்டர் ஆனால் ஆற்றல் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. பருவக்காற்று மாதங்களில் இப்படிப் பெரிய அலைகள் அடுத்தடுத்து மோதும்போது கரையில் இருக்கும் மணலை அரித்து உள்ளே இழுத்துப் போகின்றன. அந்த மணல் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி நீருக்கடியில் ஒரு திட்டாகக் குவிகிறது. அடுத்து வரும் பெரிய அலைகள் அந்தத் திட்டில் மோதி முன்கூட்டியே உடைந்துவிடும். கடற்கரை தன்னையே காப்பாற்றிக்கொள்ள ஒரு தடுப்பணை கட்டுகிற மாதிரி! பருவம் ஓய்ந்ததும் சின்னச் சின்ன அலைகள் அந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவரும். அதனால் ஒரே கடற்கரை ஜனவரியில் அகலமாகவும் ஜூனில் ஒடுங்கியும் இருப்பது இயல்பு.

இதற்கு மேல் மனிதன் செய்யும் மாற்றமும் உண்டு. கரையோரமாக ஓடும் நீரோட்டம் மணலைச் சுமந்துகொண்டே போகும். நடுவில் ஒரு கல் தடுப்பு வந்தால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை அரிக்கும். நம்ம சென்னையே சாட்சி. துறைமுகச் சுவர் கட்டிய பிறகு அதன் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்துதான் மெரினா இவ்வளவு அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. ஆகவே ஐந்து வருஷத்துக்கு முன்பு எடுத்த படத்தை நம்பி டிக்கெட் போடாதீர்கள். கூகுள் எர்த் ப்ரோவில் பழைய தேதிகளின் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது. நீங்கள் போகப் போகிற மாதத்தில் அந்தக் கரை எவ்வளவு அகலம் என்று பத்து நிமிடத்தில் அளந்துவிடலாம்.

எந்த லீவுக்கு எந்தக் கரை?

இதில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. நம்மைப் போலவே இந்தத் தீவுக்கும் வருஷத்துக்கு இரண்டு செமஸ்டர்தான். நம் இரண்டு விடுமுறைகளும் அதன் இரண்டு பருவங்களோடு கிட்டத்தட்டப் பொருந்திவிடுகின்றன.

*டிசம்பர், ஜனவரி லீவு என்றால் தெற்கும் தென்மேற்கும்.* டிசம்பர் முதல் பாதியில் மழை மிச்சம் இருக்கலாம். நடு டிசம்பருக்கு மேல் மார்ச் வரை நல்ல காலம்.

உனவட்டுன: காலிக்குப் பக்கத்தில், வளைந்த குடா. முன்னால் பாறைத் தொடர் இருப்பதால் அலை ஓரளவு அடங்கி வரும். குளிக்க மட்டும் ஆசை என்றால் இது.

வெலிகம: அகலமான குடா, அடியில் பாறை இல்லாத மணல். அலைச்சறுக்கு முதல்முறை பழகுகிறவர்கள் வருவது இங்கேதான். விழுந்தாலும் மணலில்தான் விழுவீர்கள்.

மிரிஸ்ஸ: பார்க்க அழகு. நீலத் திமிங்கிலம் பார்க்கும் படகுகள் நவம்பர் முதல் ஏப்ரல் வரை இங்கிருந்து போகும். ஆனால் தென்கரை திறந்த பெருங்கடலைப் பார்த்து நிற்பது. தென் துருவப் பக்கம் வீசும் புயல்களின் அலை வருஷம் முழுக்க இங்கே வந்து சேரும். நல்ல பருவத்தில் கூட குடாவின் ஓரமாக, மற்றவர்கள் குளிக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்க.

தங்காலைப் பக்கம் ரேகவ: கடலாமைகள் முட்டையிட வரும் கரை. உலகில் இருக்கும் ஏழு கடலாமை இனங்களில் ஐந்து இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. இரவில் போனால் போன் வெளிச்சம், ஃபிளாஷ் கூடவே கூடாது; ஆமை திரும்பிப் போய்விடும்.

*மே, ஜூன், ஜூலை லீவு என்றால் கிழக்கு.*

நிலாவெளி, உப்புவெளி: திருகோணமலைக்கு வடக்கே நீளமான மணல் கரைகள். நிலாவெளியிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி புறாத்தீவு தேசியப் பூங்கா. மூக்குக் குழாய் மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டால் பவளமும் மீன்களும் தெரியும். பவளத்தின் மீது மட்டும் நிற்காதீர்கள். அது கல் இல்லை, உயிர்.

பாசிக்குடா: மட்டக்களப்பிலிருந்து 35 கிலோமீட்டர் அளவில். குதிரை லாடம் மாதிரி வளைந்த குடா, வெளியே பவளத் தொடர், உள்ளே வெகுதூரம் நடந்து போனாலும் இடுப்பளவு தண்ணீர். நீச்சல் தெரியாத கூட்டத்துக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான். பக்கத்திலேயே கல்குடா; ரயில் நிலையமும் உண்டு.

அறுகம் குடா: பொத்துவிலுக்குப் பக்கத்தில். இதே மாதங்கள்தான் இதன் பருவம், ஆனால் இது அலைச்சறுக்குக்காரர்களின் ஊர். தெற்கிலிருந்து வரும் நீண்ட அலை முனையைச் சுற்றி வளைந்து வரும்போது, நிலத்திலிருந்து வீசும் காற்று அதை ஒழுங்காக நிறுத்திக் கொடுக்கும். பார்க்கப் போகலாம், பழகப் போகலாம். "கிழக்கு என்றாலே அமைதி" என்று நினைத்து முனைப் பக்கம் குளிக்கப் போகாதீர்கள்.

வடக்கே காரைநகரில் கசூரினா கடற்கரை இருக்கிறது. ஆழம் குறைந்த கடல், மெல்லிய அலை, கரையில் சவுக்கு மரங்கள். வடகிழக்குப் பருவம் ஓய்ந்த பிறகு யாழ்ப்பாணம் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கலாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கியது நினைவிருக்கும். தொடங்கிய சில நாட்களிலேயே பருவமழையால் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. கப்பலுக்கே மாதம் முக்கியம் என்றால் நமக்கு?

ஒரு பிடி மணலை எடுத்துப் பாருங்க

சரி, மாதம் பார்த்துச் சரியான பக்கம் போயாச்சு. அங்கே இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை செல்ஃபி இல்லை. குனிந்து ஒரு பிடி மணலை எடுங்க. அது அந்தக் கடலின் குணத்தைச் சொல்லிவிடும்.

மணல் மாவு மாதிரி நுண்ணியதா? அப்படியானால் கரை பெரும்பாலும் தட்டையாக இருக்கும். பருமனான, சர்க்கரை மாதிரி உருளும் மணலா? கரை செங்குத்தாக இருக்கும். காரணம், பரும மணலில் இடைவெளி அதிகம். ஏறி வரும் அலைநீர் பாதி மணலுக்குள்ளேயே இறங்கிவிடும். திரும்பிப் போகும் நீருக்கு மணலை இழுத்துப் போகும் பலம் இருக்காது. அதனால் மேலே தள்ளிய மணல் மேலேயே குவிந்து சரிவு கூடும். நுண்மணலில் நீர் சீக்கிரம் இறங்காது. ஏறிய வேகத்தில் திரும்பி வழிந்து மணலைப் பரப்பிவிடும்.

சரிவு ஏன் முக்கியம்? அலை எப்படி உடையும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. கடற்கரைப் பொறியியலில் இரிபாரன் எண் என்று ஒன்று உண்டு. கரைச் சரிவை, அலை உயரத்துக்கும் அலை நீளத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது. 0.5-க்குக் கீழே என்றால் அலை மேலிருந்து நுரைத்து மெதுவாகச் சரியும். 0.5 முதல் 3.3 வரை என்றால் சுருண்டு அப்படியே தலைகுப்புற விழும்.

ஒரு கணக்கு போடலாமா? அலை உயரம் 1 மீட்டர், ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே 8 விநாடி. ஆழ்கடலில் அலை நீளம் என்பது நேரத்தின் வர்க்கத்தை 1.56-ஆல் பெருக்கினால் வரும். அதாவது சுமார் 100 மீட்டர். விகிதம் 0.01, அதன் வர்க்கமூலம் 0.1. கரை 50 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கினால், 0.02-ஐ 0.1-ஆல் வகுத்து 0.2. மெல்லிய நுரை அலை. அதே அலை, 8 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் கரைக்கு வந்தால் 1.25. காலடியிலேயே சுருண்டு விழுந்து கழுத்தை முறிக்கும் அலை. கடல் மாறவில்லை, அலை மாறவில்லை. மணல் பருமன் மட்டும் மாறியது.

அதனால் நீச்சல் தெரியாதவர்கள், சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள், பீச் கிரிக்கெட் ஆட நினைப்பவர்கள் எல்லாருக்கும் நுண்மணல் தட்டைக் கரைதான் சரி. ஈரமான நுண்மணலை இடைவெளி நீர் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் பந்து கூட எழும்பும். இறங்கி இரண்டே அடியில் இடுப்பளவு ஆகிவிடும் கரை என்றால், உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு வந்துவிடுங்க.

நிறமும் பேசும். பவளமும் சிப்பியும் உடைந்து ஆன மணல் வெண்மை. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையில் கரை கருத்திருக்கும். அது அழுக்கு இல்லை. இல்மனைட், ரூட்டைல் போன்ற கனிமங்கள். நம்ம மணவாளக்குறிச்சி மணல் மாதிரி. மதிய வெயிலில் அதன் மேல் வெறுங்காலோடு நடந்தால் கறுப்பு ஏன் வெப்பத்தை அதிகம் உறிஞ்சுகிறது என்பது பாடப் புத்தகமே இல்லாமல் புரியும்.

அலை இல்லாத இடம்தான் ஆபத்து

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

2024 மே மாதம் குமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். நம்ம வயசுதான். நம்மை மாதிரியே நண்பர்களோடு வந்தவர்கள். அந்த நாட்களில் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை இருந்தது. உள்ளூரில் காற்று பலமாக இல்லாதபோதும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே கிளம்பிய அலை திருடன் மாதிரி வந்து ஏறுவதற்குக் கடலோர மக்கள் வைத்த பெயர் அது. இலங்கையின் தென்கரைக்கும் அலை வருவது அதே பெருங்கடலிலிருந்துதான்.

கரையில் நின்று கடலைப் பார்க்கும்போது நம் கண் என்ன செய்யும்? இரண்டு பக்கமும் வெள்ளை நுரை. நடுவில் ஒரு இடம் மட்டும் நுரையில்லாமல், கொஞ்சம் கருநீலமாக, அமைதியாக இருக்கும். "அங்கே அலை இல்லைடா, அங்கே குளிக்கலாம்" என்று தோன்றும். தவறு அங்கேதான். ஆழம் குறையும்போதுதான் அலை உடையும். தன் உயரத்தின் சுமார் 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடைந்துவிடும். உடையாமல் இருக்கிறது என்றால் அங்கே ஆழம் அதிகம். மணல் திட்டைத் தாண்டிக் கரைப்பக்கம் வந்து குவிந்த தண்ணீர் எல்லாம் கடலுக்குத் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. அதற்குப் பெயர் இழுவை நீரோட்டம். வேகம் சாதாரணமாக விநாடிக்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை. சில சமயம் இரண்டு மீட்டரைத் தாண்டும். பதக்கம் வாங்கிய நீச்சல் வீரரால் கூட அதை எதிர்த்து நெடுநேரம் நீந்த முடியாது.

ஆகவே இறங்கும் முன் பத்து நிமிடம், முடிந்தால் கொஞ்சம் உயரமான இடத்தில் நின்று பாருங்க. நுரைக்கு நடுவே இருண்ட பட்டை, கடலைப் பார்த்து நகரும் நுரையோ கலங்கல் மணலோ, சுற்றிலும் இல்லாத சலசலப்பு. இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

மாட்டிக்கொண்டால்? முதலில், அது உங்களைக் கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். இறப்பவர்கள் பெரும்பாலும் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போகிறவர்கள். மல்லாந்து மிதங்க, கையைத் தூக்கி உதவி கேளுங்க. தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்க. வாய்க்கால் பொதுவாக அகலமில்லாதது. நுரை இருக்கும் இடம் வந்ததும் அலையே உங்களைக் கரைப்பக்கம் தள்ளும்.

நண்பன் மாட்டிக்கொண்டால் பின்னாலேயே குதிக்காதீங்க. ஒருவரைக் காப்பாற்றப் போய் அடுத்தடுத்துப் போனவர்கள் ஏராளம். மூடிய காலிக் கேன், கால்பந்து, எது மிதக்குமோ அதை வீசுங்க. சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்க. இலங்கையில் ஆம்புலன்ஸுக்கு 1990, போலீசுக்கு 119. குரூப்பில் இருக்கும் எல்லார் போனிலும் இந்த இரண்டும் இருக்கட்டும். குடித்துவிட்டு, இருட்டிய பிறகு கடலில் இறங்குவது பற்றி நான் சொல்லவே தேவையில்லை என்று நினைக்கிறேன்.

டிக்கெட் போடும் முன் நாலு கேள்வி

ஒன்று, நாம் போகும் மாதம் எது? மே முதல் செப்டம்பர் என்றால் கிழக்கு. நடு டிசம்பர் முதல் மார்ச் என்றால் தெற்கு, மேற்கு.

இரண்டு, கரை திறந்ததா, மூடியதா? வரைபடத்தில் பெரிதாக்கிப் பாருங்க. குடாவாக வளைந்திருக்கிறதா, முன்னால் பாறையோ பவளத் தொடரோ இருக்கிறதா, அல்லது நேராகப் பெருங்கடலைப் பார்த்து நிற்கிறதா?

மூன்று, அந்த வார அலை எப்படி? விண்டி மாதிரி செயலிகளில் அலை உயரம் மட்டும் பார்க்காமல் விநாடியையும் பாருங்க. 1 மீட்டர், 6 விநாடி என்றால் அலை நீளம் சுமார் 56 மீட்டர். அதே 1 மீட்டர், 14 விநாடி என்றால் 300 மீட்டருக்கு மேல். உயரம் ஒன்றுதான், பின்னால் வரும் பலம் வேறு. விநாடி அதிகமாக இருந்தால் அது தூரத்திலிருந்து வரும் விருந்தாளி. ஜாக்கிரதை.

நான்கு, கூட்டத்தில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டால் கிண்டல் செய்வார்கள். கேளுங்க. எங்கள் ஏழு பேரில் மூன்று பேருக்குத் தெரியாது என்பதே மிரிஸ்ஸயில் அந்தத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் வெளியே வந்தது.

அன்று அந்தப் பெரியவர் பேச்சைக் கேட்டு மறுநாள் காலை பஸ் பிடித்தோம். தீவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, ஒரு முழு நாள் போச்சு. பாதி வழியில் மழை நின்றது, மரங்களின் நிறம் மாறியது, பஸ்ஸுக்குள் புழுதி வந்தது. சாயங்காலம் பாசிக்குடாவில் இறங்கியபோது கடல் ஏரி மாதிரி கிடந்தது. அலை புரட்டிப் போட்ட அதே நண்பன் குனிந்து ஒரு பிடி மணலை எடுத்து என் கையில் கொட்டினான். மாவு மாதிரி இருந்தது. நீச்சல் தெரியாத மூன்று பேரும் அன்றைக்கு முதல்முறையாகக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள்.

அடுத்த தடவை குரூப்பில் யாராவது அந்தச் சாய்ந்த தென்னை படத்தை அனுப்பினால், "சூப்பர்டா" என்று ஹார்ட் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "மச்சி, இது எந்த மாசம் எடுத்தது?"

சந்தோஷமாகப் போய்ட்டு, எல்லாரும் பத்திரமாக வாங்க மக்களே!